டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வைகறையிற் புறப்படும் மின்சாரத் தொடர்வண்டியில் ஏறியமர்வோர், மடியிற் குறிப்பேட்டை விரித்துக் கணக்கிடும் இளைஞர் சிலரைக் காணலாம். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்ல, அவர்தம் எழுதுகோல் மட்டும் ஓய்வதில்லை. அவர்கள் போடும் கணக்குகளோ விந்தையானவை. தொட்டியில் இடப்பெற்ற ஈஸ்ட் எத்தனை மணி நேரத்தில் நூறு மடங்காகப் பெருகும்? தொட்டியினுட் புகும் நீரின் வேகத்தை எந்த அளவுக்கு உயர்த்தினால், உயிரணுக்கள் பெருகுதற்கு முன்னரே அடித்துச் செல்லப்படும்? நுண்ணுயிர் மூச்சுவிடுதற்கு வேண்டிய பிராணவாயுவை நிமிடந்தோறும் எவ்வளவு ஊட்டுதல் வேண்டும்? உயிர்த்தொழில்நுட்பத்தில் மேற்படிப்பு விரும்புவோர் எழுதும் நுழைவுத் தேர்வின் பொருட்டுச் செய்யும் பயிற்சியே இது. கேட் எனப்படும் அத்தேர்வில் 3 மணி நேரத்தில் 65 வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும், மதிப்பெண் 100. பகலெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டையில் உழைத்துவிட்டு, இரவில் ஒரு கணக்கும் விடியலில் ஒரு கணக்குமாகப் பயில்வார் இவருள் உளர். முதன்முறை தவறி, இரண்டாம் முறையும் தவறி, மூன்றாம் முறைக்கு விண்ணப்பம் விடுத்ததை வீட்டாரிடமும் கூறக் கூசுவாரும் உளர்.

இவர்கள் செல்லும் இவ்விருப்புப்பாதையே கோதாவரிக் கரையினரைச் சென்னைக்குக் கொணரும் வழியாக நூறாண்டுக்கு முன்னரும் இருந்தது. அந்நாளில், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறிய ஓர் ஆந்திர இளைஞர், தாயார் தம் நகையை விற்றுத் தந்த பொருளைக்கொண்டு கல்வி கற்பான் வேண்டிச் சென்னையை அடைந்தார். நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து மருந்து காணும் தொழிலில் உலகம் இன்றளவும் நன்றியுடன் நினைத்தற்குரிய பெரியாருள் அவரும் ஒருவரானார். அவர்தம் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பீமவரத்திற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவரில் இவர் நான்காமவர். தந்தையார் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உடல்நலங் குன்றியமையால் முன்னதாகவே ஓய்வு பெற்றார். குடும்பம் வறுமையுற்றது. சிறுவராகிய சுப்பாராவின் மனம் படிப்பிற் செல்லவில்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார் என்றும், வழியிற் பிடிபட்டுத் திரும்பினார் என்றும் இவர் வரலாறு எழுதினோர் கூறுவர். தாயார் கண்டிப்பு மிக்கவர். பிள்ளை படித்தே தீரவேண்டும் என்பதில் அவ்வம்மையார் அணுவளவும் நெகிழ்ந்தாரல்லர்.

இராஜமகேந்திரத்திற் பயின்ற இவர் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறவில்லை, மறுமுறையும் தேறவில்லை. இரண்டு தோல்விக்குப் பின்னர் ஒரு மகனைத் தொலைவிலுள்ள பட்டணத்திற்கு அனுப்புதற்குத் தன் அணிகலனை விற்கும் தாய், உறவினர் வாயில் என்னென்ன சொற்களைக் கேட்டிருப்பாள் என்பதை நம் ஊர் வழக்கம் அறிந்தவர் எளிதில் உய்த்துணரலாம். சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். மூன்றாம் முறை தேறினார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பிற் பயின்றார். அக்காலை இராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு ஏற்பட்டுத் துறவு பூணும் ஆசை தோன்றியது. தாயார் இசையவில்லை. துறவியராயினும் தொண்டுக்கு மருத்துவர் வேண்டும், ஆதலின் மருத்துவம் படிப்பதே தக்கது என மடத்தினர் அறிவுறுத்தினர் என்பர். இவ்வாறு காவியுடுக்கச் சென்றவர் சென்னை வைத்தியக் கலாசாலையின் வாயிலிற் புகுந்தார்.

கலாசாலைச் சம்பளத்திற்கு நண்பர்கள் உதவினர். 1919-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் சேஷகிரி என்னும் மங்கையை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி எஞ்சிய படிப்புச் செலவை ஏற்றார். அஃது ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதருடுக்கத் தொடங்கிய சுப்பாராவ், அறுவைச் சாலையில் அணியும் மேலங்கியையும் கதராகவே தைத்துக்கொண்டார். அறுவை வைத்தியப் பேராசிரியராகிய பிராட்ஃபீல்டு துரைக்கு இது பிடிக்கவில்லை. ஏனைய பாடங்களில் இவர் நன்கு எழுதியிருந்தும், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது. மெட்ரிகுலேஷனில் தவறியது இவர்தம் குறையே எனக் கொள்வோமாயின், இத்தவறு எவர்தம் குறை என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். ஒரு பரீட்சையின் முடிவுத்தாளில் மாணாக்கன் கற்றதும் கல்லாததும் மட்டுமே எழுதப்படுகின்றன என்று நம்புவது பேதைமை. சென்னை அரசாங்க மருத்துவப் பணியிற் புக முயன்றதும் பயன் தரவில்லை.

நிற்க. இவர் வாழ்க்கையின் போக்கை உறுதி செய்தது பட்டமன்று, ஒரு நோய். வெப்ப நாடுகளில் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய் ஒன்றுண்டு. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது கழிந்துபோகும், நாப் புண்ணாகும், இரத்தம் வெளுக்கும், உடல் நாளடைவில் எலும்புக் கூடாகும். இந்நோயால் சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடையீட்டில் அடுத்தடுத்து மாண்டனர். இவரையும் அந்நோய் பற்றியது. இவர் கற்ற மேலை வைத்தியத்தில் அதற்கு மருந்தில்லை. ஆயுர்வேதப் பண்டிதராகிய டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி அவர்களின் சிகிச்சையால் இவர் பிழைத்தெழுந்தார். பின்னர் அப்பெரியார் நடத்திய சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராகவும் அமர்ந்தார். நம் திருவள்ளூரில் எழுந்தருளியுள்ள பெருமாளை வைத்திய வீரராகவர் என்றே மக்கள் அழைப்பதும், நோய் தீரவேண்டி அத்திருக்குளத்தில் வெல்லங் கரைப்பதும் யாவரும் அறிவர். மருந்து எட்டாத இடத்தில் மக்கள் மனம் செல்லும் வழி அது. சுப்பாராவும் அத்தகைய இடத்தில் நின்றவரே. ஆனால் தம்மைக் குணப்படுத்தியது யாது, தம்பி தமையரைக் குணப்படுத்தாமற் போனது யாது என்னும் வினா அவரை விட்டகலவில்லை. மூலிகையினுள் இருக்கும் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்க்கவேண்டும் என்னும் வேட்கை உண்டாயிற்று. அதற்குரிய இரசாயனக் கல்வியும் கருவிகளும் இங்கில்லை.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியையும், மாமனார் திரட்டிய பொருளையும் நம்பி, 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பலேறினார். சில ஆண்டுகளில் மீள்வதாக மனைவியிடம் கூறிச் சென்றவர் மீளவேயில்லை. இவர் சென்றபின் பிறந்த ஆண் குழந்தையும் தந்தையின் முகங் காணாமலே சிறு பருவத்தில் நோயுற்று இறந்தது. சேஷகிரி அம்மையார் இந்நாட்டிலேயே தனித்து வாழ்ந்தார். பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்தியை ஒரு வரியிற் கடந்து செல்வது வழக்கம். அந்த ஒரு வரியைத் தம் வாழ்நாள் முழுதும் வாழ்ந்து தீர்த்தவர் அவ்வம்மையார் என்பதை மட்டும் ஈண்டுச் சொல்லி மேற்செல்வோம்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிற் சேர்ந்து 1924-ஆம் ஆண்டு டிப்ளோமா பெற்றார். இந்திய எல்.எம்.எஸ். சான்று கொண்டு அங்கு மருத்துவராகப் பணிபுரிய இயலாது. கையிற் பொருளுமில்லை. ஆதலின் ஒரு மருத்துவமனையில் இரவுக் காவற் பணியாளாகச் சேர்ந்து, நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையையும் செய்து வயிறு வளர்த்தார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர் இரசாயனப் பகுதியில் இடங் கிடைத்தது. அப்பகுதிக்குத் தலைவர் ஓட்டோ ஃபோலின் என்பவர். அவர்கீழ் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியருடன் சேர்ந்து உழைக்குமாறு சுப்பாராவ் பணிக்கப்பெற்றார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதற்பணி மிக எளியதாகத் தோன்றும். இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உளது எனக் கணக்கிடுவதே அது. 1925-இல் வெளியான அவர்தம் முறை இன்றளவும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை எனப் பெயர் பெற்று வழங்குகின்றது. ஆய்வுக்குரிய திரவத்திலிருந்து புரதத்தை அமிலத்தால் நீக்கி, அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால், அதிலுள்ள பாஸ்பேட்டு அதனோடு கூடும். ஒடுக்கும் பொருளொன்றை அதனுடன் கலந்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட்டு மிகுந்தால் நீலமும் அடர்ந்து மிகும். நீலத்தின் அடர்த்தியை அளந்து பாஸ்பரஸின் அளவை அறியலாம். அக்காலத்தில் இரு கண்ணாடிக் குழாய்களை அருகருகே வைத்துக் கண்ணாலேயே நிறத்தை ஒப்பிட்டனர். நம் கல்லூரி மாணவர் இன்று மின்கருவியின் எண்ணைப் பார்த்து எழுதுகின்றனர், முறை அதுவே. நுழைவுத் தேர்வுக்குரிய வினாத் தொகுதிகளில் நிறத்தின் அடர்த்தியிலிருந்து பொருளின் அளவைக் காணும் கணக்கு வாராத ஆண்டு அரிது. அதைப் போடுவோருள் எத்துணைப்பேர் அம்முறையின் பெயரில் ஒட்டிய சுப்பாராவ் என்பவர் திருவல்லிக்கேணியிற் படித்தவர் என்பதை அறிவர்?

இந்நீல நிறமே ஒரு பெரும் வாயிலைத் திறந்தது. இரத்தத்தில் நிறம் உரிய நேரத்தில் தோன்றிற்று. தசையிலிருந்து வடித்தெடுத்த நீரிலோ அவ்வாறில்லை. நீலம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் பலர் இதனைக் கருவியின் பிழை என்றோ, கைத்தவறு என்றோ தள்ளியிருப்பர். பரீட்சைக்குப் படிப்போர்க்கு இது நன்கு தெரிந்த நிலையே: விடை புத்தகத்தோடு ஒவ்வாதபோது முன்னைய எண்ணைச் சற்றே திருத்திவிடும் ஆசை எவர்க்குத்தான் தோன்றாது? ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தனர். தசையில் பாஸ்பேட்டு வேறொரு பொருளோடு தளர்வாகப் பிணைந்துள்ளது. ஆய்வுக்குரிய அமிலத்தில் அப்பிணைப்புச் சிறிது சிறிதாக அறுந்து பாஸ்பேட்டு வெளிப்படுகின்றது. அதனாலேயே நிறம் மெல்ல ஏறுகின்றது என்று கண்டனர். அப்பொருளே பாஸ்போகிரியாட்டின். 1927-இல் இச்செய்தி வெளியாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் தனியே இப்பொருளைக் கண்டனர். தசை இயங்குதற்கு லாக்டிக அமிலமே காரணம் என அதுவரை நிலவிய கொள்கை இதனால் ஆட்டங் கண்டது. அக்கொள்கைக்கு அடிப்படையான ஆராய்ச்சிக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது என்பதை நோக்கின், ஒரு குழாயில் நிறம் காலந்தாழ்த்து ஏறியதன் பெருமை விளங்கும்.

இரண்டாண்டு கழித்து, 1929-இல், ஏ.டி.பி. என இன்று பள்ளி மாணவரும் கூறும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைத் தசையிற் கண்டு வெளியிட்டனர். ஜெர்மானியராகிய கார்ல் லோமனும் அவ்வாண்டே அதனைத் தனியாகக் கண்டார். உயிருள்ள பொருள் அனைத்திலும் ஆற்றலைக் கைமாற்றும் நாணயம் போன்றது அது. நாம் விரலசைப்பதும், தொட்டியில் ஈஸ்ட் பெருகுவதும் அந்நாணயத்தின் செலவாலேயே. 1930-இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டு டாக்டர் பட்டம் அளித்தது. நிலையான ஆசிரியப் பதவியை மட்டும் அளிக்கவில்லை. பத்தாண்டு இவ்வாறு சென்றது. இவர் அக்காலத்திற் பிரித்தெடுத்த பொருள்கள் சிலவற்றை ஃபிஸ்கே வெளியிட விடாமையால், பிறர் அவற்றைப் பின்னர் மீளவும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று, அதே ஆய்வகத்தில் அந்நாளிற் பணிபுரிந்து 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார். தமக்குரிய புகழைக் கேட்டு வாங்குந் திறம் சுப்பாராவினிடம் இல்லை. அதனைப் பணிவு என்று போற்றுவாரும் உளர். எமக்கு அது முழுதும் போற்றத்தக்கதாகத் தோன்றவில்லை. உழைத்தவன் பெயர் மறைவதால் உழைப்பவர்க்கே பின்னர் இடையூறு உண்டாகின்றது.

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்திற் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அமெரிக்கன் சயனமைட் என்னும் இரசாயனக் கம்பெனிக்கு உரியது அவ்வாய்வகம். சர்வகலாசாலையின் மாடத்தை விட்டுத் தொழிற்சாலையின் புகைக்கூண்டு நிழலுக்கு வந்தது ஒரு தாழ்வு என்று அந்நாளிற் சிலர் கருதினர். இவர் உலகிற்குப் பயன்பட்ட எட்டு ஆண்டுகளும் அந்நிழலிலேயே கழிந்தன.

அது போர்க்காலம். 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், பெனிசிலினைப் பேரளவிற் செய்வது எங்ஙனம் என ஆராய்தற்கு மெர்க், ஸ்குவிப், ஃபைசர், லெடர்லி என்னும் நான்கு கம்பெனிகளின் ஆராய்ச்சித் தலைவர்களை அமெரிக்க அரசாங்கம் அழைத்தது. லெடர்லியின் சார்பில் அங்கமர்ந்தவர் சுப்பாராவ். ஈண்டு நம் மாணவரின் கணக்குகளைச் சிறிது நினைவுகூர்தல் பொருந்தும். பெனிசிலினைத் தரும் பூசணம் காற்றை விரும்புவது. ஆதலின் தொடக்கத்தில் அகன்ற புட்டிகளிற் சிறிதளவு திரவத்தை ஊற்றி, அதன்மேற் படலமாக வளர்த்தனர். ஒரு நோயாளிக்கு வேண்டிய மருந்துக்கே எண்ணற்ற புட்டிகள் தேவைப்பட்டன. ஆழ்ந்த தொட்டியில் அதனை மூழ்கடித்து வளர்க்கலாமெனின், உள்ளே மூச்சுக்கு வழியில்லை. தூய்மை செய்த காற்றை அடியிலிருந்து குமிழ்களாக ஊதவேண்டும். சுழலும் அலகினாற் குமிழ்களைச் சிதைக்கவேண்டும். பொங்கும் நுரையை அடக்கவேண்டும். உயிர்கள் வெளியிடும் வெப்பத்தைக் குளிர்நீராற் போக்கவேண்டும். இவ்வளவுக்குமிடையே வேறொரு நுண்ணுயிரும் உட்புகாமற் காக்கவேண்டும். 1944-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் புரூக்ளினில், பழைய பனிக்கட்டி ஆலை ஒன்றில், ஏறக்குறைய 28,000 லிட்டர் கொள்ளும் 14 தொட்டிகளில் ஃபைசர் கம்பெனி இதனைச் செய்து காட்டிற்று. மணிக்கு 0.5 என்னும் வளர்ச்சி வேகமுடைய நுண்ணுயிர், லிட்டருக்கு 0.1 கிராமிலிருந்து 10 கிராமாக, அதாவது நூறு மடங்காகப் பெருக 9.2 மணி நேரம் ஆகும் என்று மாணவர் இரண்டு வரியிற் கணக்கிட்டு விடுகின்றனர். கணக்கு சரியே. ஆயினும் பிராணவாயு குறையாதிருந்தால் என்னும் சொற்றொடர் அவ்வினாவிற் சொல்லப்படாது மறைந்து நிற்கின்றது. அதனை நிறைவேற்றுதற்கே ஒரு தலைமுறைப் பொறியியலறிஞர் உழைத்தனர். பிராணவாயு கரையும் வேகத்தைக் காணும் வாய்பாட்டை மனப்பாடஞ் செய்வோர், அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஒரு தொட்டியில் நேர்ந்த இடுக்கணின் பெயர் என எண்ணிப் படித்தால் அது மறவாது நிற்கும் என்பது எம் அநுபவம்.

சுப்பாராவின் நெஞ்சிலோ தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய் மறையவில்லை. கல்லீரலில் இரத்தத்தைப் பெருக்கும் ஏதோ ஒரு பொருள் உண்டென்பது முன்னரே தெரியும். 1931-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்த இரத்தச் சோகை ஈஸ்டின் சாற்றால் நீங்குவதை எழுதியிருந்தார். அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியை அவர் நம் நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் ஆய்வகத்திற் செய்தார். 1941-இல் டெக்ஸாஸ் அறிஞர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து அப்பொருளைச் சிறிதளவு திரட்டி, இலையின் பெயரால் ஃபோலிக் அமிலம் என அழைத்தனர். சுப்பாராவின் குழுவினர் அதனைக் கல்லீரலிலிருந்து தூய்மையாகப் பிரித்தனர். நுண்ணுயிர் வளர்த்த தொட்டியில் எஞ்சிய கசண்டிலிருந்தும் பிரித்தனர். பின்னர் அதன் அமைப்பைக் கண்டு, 1945-இல் செயற்கையாகவே ஆக்கினர். இனிக் கல்லீரலும் வேண்டா; கீரையும் வேண்டா. 1946-இல் இச்செய்தியை விரித்துக் கூறிய கட்டுரையில் பதினாறு பேர் பெயர் காணப்படுகின்றது. பேர்ல் ரிவர் ஆய்வகத்தார் எண்மரின் பெயர் அகரவரிசையில் முன்னர் நிற்க, தலைவராகிய சுப்பாராவின் பெயர் அவ்வரிசைப்படி ஏழாவதாக வருகின்றது.

அம்மருந்தை டாம் ஸ்பீஸ் முதலிய மருத்துவர்கள் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளர்க்குக் கொடுத்தனர். எலும்புந் தோலுமாய்க் கிடந்தோர் சில நாளில் உணவு கேட்டு உண்டனர், இரத்தம் ஊறியது. எட்டு நாளில் இரண்டு உயிரை வாங்கிய நோய்க்கு இவ்வாறு மருந்து கிடைத்தது. இன்று நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துடன் சேர்த்து வழங்கப்பெறும் மாத்திரை இந்த ஃபோலிக் அமிலமே.

ஒரு பொருள் உயிரணுவைப் பெருக்குமாயின், அதனைப்போல் உருவெடுத்து அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும் போலிப்பொருள் பெருக்கத்தைத் தடுக்கும் அன்றோ? இவ்வெண்ணம் இரத்தப் புற்றுநோய்க்கு வழிகாட்டிற்று. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தோடு ஒட்டிய பொருள் சில புற்றுநோயை விரைவுபடுத்துவதைக் கண்டார். ஆதலின் அதற்கு மாறான பொருளை நாடினார். லெடர்லிக் குழுவினர் அமினாப்டெரின் என்பதை ஆக்கி அனுப்பினர். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரைப்படி, மருந்து பெற்ற பதினாறு குழந்தைகளுட் பதின்மருக்கு நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. ஆயினும் அதுவரை ஒரு வழியுமின்றி இறந்த குழந்தைகள் எழுந்து விளையாடியது அதுவே முதன்முறை. அமினாப்டெரினுக்கு உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் கொடுக்கப்பெறுகின்றது.

யானைக்கால் நோயைப் பற்றி நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கும்பகோணத்தின் பெயரோடு அதனைச் சேர்த்துக் கூறும் வழக்கே உண்டு. பசிபிக் தீவுகளிற் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களையும் அது பற்றியது. 1947-இல் இவர்தம் ஆய்வகம் ஹெட்ராஸான் என்னும் மருந்தை வெளியிட்டது. டை எத்தில் கார்பமசைன் என்னும் நெடும்பெயருடைய அதுவே, 2004 முதல் யானைக்கால் நோயுள்ள மாவட்டங்களில் வீடுதோறும் சென்று கொடுக்கப்பெற்ற மாத்திரை. காலின் வீக்கத்தை அது குறைப்பதில்லை. இரத்தத்தில் திரியும் சிறு புழுக்களை அழித்து, கொசுவின் வழியே நோய் பிறர்க்குப் பரவாமற் காக்கின்றது.

இறுதியாக மண்ணின்பால் வந்தார். பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர நூலறிஞர் வயது எழுபதைக் கடந்து, சர்வகலாசாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரை லெடர்லி ஏற்றுக்கொண்டு, நோய்க்கிருமியை அழிக்கும் நுண்ணுயிரை மண்ணில் தேடும் பணியை ஒப்புவித்தது. பல இடங்களிலிருந்து மண் வரவழைக்கப்பட்டது. 1945-இல் மிஸ்ஸௌரி சர்வகலாசாலையின் சான்பார்ன் வயலிலிருந்து டக்கரின் பழைய நண்பர் அனுப்பிய மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது தந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். பொன் என்னும் பொருள் அதனுள் அடங்கியுள்ளது. பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகள் அதற்கு அடங்கின. வாயால் விழுங்கவும் கூடிற்று. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்திற்கு அதுவே மூத்தது. 1994-இல் சூரத்து நகரிற் பிளேக்கு அச்சம் எழுந்தபோது மக்களுக்கு வழங்கப்பெற்றவை அக்குடும்பத்து மாத்திரைகளே.

1948 ஜூலையில் ஆரியோமைசின் நியூயார்க் அறிஞர் அவையில் அறிவிக்கப்பெற்றது. ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் காலையில் எழவில்லை. மாரடைப்பினால் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 53. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. 1946-இல் இந்தியர் குடியுரிமை பெறச் சட்டம் இடந்தந்த பின்னரும் அதனை முடித்தாரல்லர். 1995-இல் இந்திய அரசாங்கம் அவர் நூற்றாண்டை ஒட்டி ஒரு தபால்தலை வெளியிட்டது.

அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து, லெடர்லியிற் பணிபுரிந்த ஹெஸல்டைன் என்னும் பூசண நூலறிஞர் புதியதொரு பூசணத்தைக் கண்டு, சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் எனப் பெயரிட்டார். அது வளர்ந்த இடம் கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டுத் தூய்மை செய்யும் கற்படுகை. கற்களின்மேற் படியும் நுண்ணுயிர்ப் படலம் ஒழுகும் நீரிலுள்ள அழுக்கை உண்கின்றது. அப்படுகையின் ஆழம் இத்தனை மீட்டர், புகும் நீர் இத்தனை லிட்டர் எனத் தந்து, வெளிவரும் நீரில் எஞ்சும் அழுக்கு எவ்வளவு எனக் கேட்கும் கணக்கு, தொடர்வண்டியில் நம் இளைஞர் விரித்திருக்கும் குறிப்பேட்டிலும் உண்டு.